கரடிக்குக் கேட்கும்படி

செஞ்சி
22.6.2025

அன்புள்ள மணிமொழிக்கு,

வேறு யாராவது எழுதி நீ தெரிந்துகொள்வதற்கு முன் நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் பல்செட்டைக் குரங்கு எடுத்துக்கொண்டு போய்விட்டது.

சிரித்து முடித்த பிறகு மேலே படி. ராஜகிரிக் கோட்டை அடிவாரத்தில் நின்றுகொண்டு, "தின்பண்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏறாதீர்கள், குரங்கின் கண்ணை நேராகப் பார்க்காதீர்கள், பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள், சண்டைக்குக் கூப்பிடுவதாக அது நினைத்துக்கொள்ளும்" என்று நாளைக்கு நூறு தரம் சொல்வதற்காகத்தான் எனக்கு இந்த ஒப்பந்த வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். அப்படிச் சொல்லிவிட்டு, அவித்த சோளம் தின்பதற்காக முன்பல் நான்கையும் கழற்றிக் கைக்குட்டையில் வைத்தேன். குரங்கு சோளத்தைத் தொடவில்லை. கைக்குட்டையோடு கல்யாண மகால் மேல்மாடத்துக்குப் போய் உட்கார்ந்து, செட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. பக்கத்து வீட்டு ஜெயசுதா அன்றைக்கென்று பார்த்து உறவுக்காரர்களுக்குக் கோட்டையைக் காட்ட வந்திருந்தாள். "இன்னாண்ணா, அது சிரிக்குது, நீ வாயே தொறக்க மாட்டேங்குற?" என்றாள். சாயங்காலத்துக்குள் காந்தி பஜார் வரைக்கும் சேதி போய்விட்டது.

உன் உடம்பு எப்படி இருக்கிறது? மலைக் குளிர் ஒத்துக்கொண்டதா? நீ போய் நாலு வாரம் ஆகிறது. சிக்னல் இல்லாத ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாய். ஜீப்பில் வாரம் இரண்டு தரம் ஏறும் தபால் பையை நம்பி இதை எழுதுகிறேன்.

அன்றைக்கு நான் பஸ் ஸ்டாண்டுக்கு வராததற்கு முழங்கால்தான் காரணம். தலைமையாசிரியை ஆகிவிட்டாய் என்று உத்தரவைக் காட்டியபோது, வந்திருந்தவர்கள் முன்னால் "கரடிக்கு அ, ஆ சொல்லித் தரப் போறா" என்று நான் சொன்னதும் விளையாட்டுக்குத்தான். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்ததாகத்தான் ஞாபகம்.

அங்கே நிஜமாகவே கரடி உண்டா?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
பொக்கைவாய் தேவேந்திரன்

*

எலஞ்சிமலை
அந்தியூர் வழி
3.7.2025

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு, மணிமொழி எழுதுவது.

நான் நலம். விழுப்புரம் போய்ப் பல் அளவு கொடுத்துவிட்டு வாருங்கள். அதுவரை கஞ்சியில் மோர் விட்டுக் குடியுங்கள். மாத்திரை கண்ணாடி அலமாரியின் இரண்டாவது தட்டில் இருக்கிறது.

பள்ளிக்கூடத்தோடு சேர்ந்த வீடு ஓடு சரிந்து கிடக்கிறது. அதனால் கீழே ஊருக்குள் ஓர் அறையில் இருக்கிறேன். அங்கிருந்து பள்ளிக்கு இரண்டு கிலோமீட்டர், காட்டு வழி. காலை ஏழு மணிக்குத் தனியாகத்தான் போகிறேன். பிள்ளைகள் மேலேயே விடுதியில் தங்கியிருக்கிறார்கள்.

கரடி உண்டு. வனத்துறை வாட்சர் மாதன் முதல் நாளே சொன்னார்: "சத்தமா பேசிக்கிட்டே நடங்க டீச்சரம்மா. அதுக்குப் பார்வை மட்டம். நாம வர்றது தெரியாம திடீர்னு எதிர்ல நின்னாத்தான் பாயும். ஆளுச் சத்தம் கேட்டா அதுவே ஒதுங்கிப் போயிரும்."

என்ன பேசுவது என்று தெரியவில்லை. முதல் நாள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு போனேன். பதினான்காம் வாய்ப்பாட்டில் பள்ளி வந்துவிட்டது.

நானும் சிரித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி.

உடம்பைக் கவனியுங்கள்.
மணிமொழி

*

செஞ்சி
20.7.2025

அன்புள்ள மணிமொழிக்கு,

உன் கடிதத்தை ஜெயசுதாவுக்கும் படித்துக் காட்டினேன். (கடைசிக்கு முந்தின வரியை மட்டும் விட்டுவிட்டேன்.) "அக்காவா சத்தமா பேசுது?" என்று வாயில் கை வைத்தாள். எனக்கும் அதே ஆச்சரியம்தான். இந்த இருபத்தாறு வருஷத்தில் நீ பேசியதையெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதிவிடலாம். அதிலும் பாதி "குழம்பு கொதிக்குது பாருங்க"தான். உன்னைப் பேசவைக்க ஒரு கரடி தேவைப்பட்டிருக்கிறது. முன்னமே தெரிந்திருந்தால் ஒன்றை வாங்கி வாசலில் கட்டியிருப்பேன்.

புதுப் பல் வந்துவிட்டது. கொஞ்சம் பெரிசு. பேசும்போது எனக்கு முன்னால் அது பேசுகிறது.

இங்கே கோட்டையின் பேர் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிவிட்டது. கூட்டம் தாங்கவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் குரங்கு, பாம்பு, தேனீ என்று மூன்று பாடம் நடத்துகிறேன். உனக்கும் சொல்லி வைக்கிறேன்: விடிகிற நேரத்தில் டார்ச் இல்லாமல் கால் வைக்காதே. கல் இடுக்கில் கையை விடாதே. பாம்பு கடித்தால் அறுப்பது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. கடித்த இடத்தை அசைக்காமல் நேரே ஆஸ்பத்திரிதான். இதெல்லாம் உனக்குத் தெரியாதா என்ன. நீதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். திருப்பிச் சொல்லிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

சாயங்காலம் இரண்டு டம்ளர் காபி போட்டுவிடுகிறேன். பழக்கம் கைக்குப் போய்விட்டது. இரண்டாவதை ஆறவிட்டு நானே குடிக்கிறேன். இது ஒரு சேதியே இல்லை. தாளில் இடம் இருந்தது, எழுதினேன்.

ஆரோக்கியமாக இரு.
தேவேந்திரன்

*

எலஞ்சிமலை
9.8.2025

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

இங்கே எல்லோரும் சுகம். பல்லை டாக்டரிடம் காட்டி ராவிக்கொள்ளுங்கள். ஈறு புண்ணாகிவிடும்.

வாய்ப்பாடு எல்லாம் தீர்ந்துவிட்டது. குறளை எடுத்தேன். பத்து அதிகாரம் ஆன பிறகு, கரடி வருகிறதோ இல்லையோ எனக்குத் தூக்கம் வந்தது. போன வாரத்திலிருந்து உங்களிடம் பேசிக்கொண்டு போகிறேன்.

நீங்கள் இடது பக்கம் நடந்து வருவதாக வைத்துக்கொள்வேன். அந்தப் பக்கம்தான் பள்ளம்.

பள்ளி வேலி ஓரம் நின்ற ஒரு பெண் கேட்டுவிட்டது. "டீச்சர், 'ஏங்க'ன்னா அது கரடியோட பேரா?" என்று கேட்டது. ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

என்ன பேசினேன் என்று கேட்டு எழுதாதீர்கள்.

மணிமொழி

*

செஞ்சி
11.10.2025

மணிமொழிக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய். வேலை அதிகம். அதனால்தான் எழுத முடியவில்லை. மழை நன்றாகப் பெய்திருக்கிறது. தீபாவளிக்கு வருவாயா?

தேவேந்திரன்

*

எலஞ்சிமலை
19.10.2025

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

என் ஆகஸ்ட் மாதக் கடிதத்துக்கு இரண்டு மாதம் கழித்து ஐந்து வரி வந்திருக்கிறது. அதில் ஒரு கேலிகூட இல்லை. நம் கல்யாணப் பத்திரிகையில்கூட இரண்டு ஜோக் அச்சடித்தவர் நீங்கள். கவரில் விலாசம் ஜெயசுதாவின் கையெழுத்து. உள்ளே உங்கள் எழுத்து, சரிவில் இறங்குகிற மாதிரி இருக்கிறது.

பரீட்சைத் தாள் திருத்தித் திருத்தி முப்பது வருஷமாகக் கண் பழகியிருக்கிறது எனக்கு.

என்ன ஆயிற்று?

பெற்றோர்கள் கரும்பு வெட்ட வெளியூர் போய்விட்டதால் பதினொரு பிள்ளைகள் விடுதியிலேயே இருக்கிறார்கள். தீபாவளிக்கு அவர்களை விட்டு வரமுடியாது. ஆனால் உண்மையை எழுதினால் வருவேன்.

மணிமொழி

*

செஞ்சி
2.11.2025

அன்புள்ள மணிமொழிக்கு,

மாட்டிக்கொண்டேன். தலைமையாசிரியையிடம் தப்ப முடியுமா?

செப்டம்பர் பத்தாம் தேதி. ராஜகிரிக்கு ஏறும் வழியில், பாறை விளிம்புக்குக் கீழே முறம் அகலத்துக்கு மலைத்தேனீ அடை கட்டியிருந்தது. அதன் அடியிலேயே இருபது பேர் கொண்ட ஒரு கும்பல், சென்ட் வாசனையும் பாட்டுமாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. விதி உனக்குத் தெரியும்: சத்தம் போடக்கூடாது, கையை ஆட்டக்கூடாது, மெதுவாக விலகிப் போகவேண்டும். அந்த விதியை அவர்களுக்குச் சொல்வதற்காக நான் கழுத்திலிருந்த சிவப்புத் துண்டை உருவித் தலைக்கு மேலே சுழற்றிக்கொண்டு, "பேசாதீங்க! கைய ஆட்டாதீங்க!" என்று கோட்டையே அதிரும்படி கத்தினேன்.

இருபது பேரும் பேசாமல், கையை ஆட்டாமல் விலகிப் போய்விட்டார்கள். தேனீக்கள் யார் கத்தியது என்று பார்த்தன.

செட்டிக்குளத்தில் குதிக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். "தேனீ துரத்தினால் தண்ணீரில் குதிக்காதீர், மேலே காத்திருக்கும்" என்று போர்டு எழுதியதே நான்தான். அதனால் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடி, மண்டபத்துக்குள் புகுந்தேன். அன்றைக்கு நான் சரியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

அறுபத்தொரு கொடுக்கு. ஜெயசுதா வீட்டுக்காரர் தங்கராஜ்தான் ஆட்டோ வைத்துக் கூட்டிக்கொண்டு போனார். நாலு நாள் ஆஸ்பத்திரி. முகம் பூசணிக்காய். உதடு வீங்கி ஒன்பது நாள் பேச முடியவில்லை. யோசித்துப் பார், நான், ஒன்பது நாள்! வார்டில் நர்ஸ் வந்து, "வீட்டம்மா எங்க சார், வரலயா?" என்று கேட்டாள். உதடு வீங்கியிருந்தது நல்லதாகப் போயிற்று.

இப்போது பூரண குணம். விரல் மட்டும் பேனா பிடித்தால் கொஞ்சம் மரக்கும். நம் பெண் வெண்மதிக்கும் சொல்லவில்லை. பெங்களூரிலிருந்து அவள் பதறிக்கொண்டு ஓடி வந்தால் உனக்கும் தெரிந்துவிடும். இப்போது அடை இருக்கும் இடத்தில் நான் பேசுவதே இல்லை. வாயில் விரலை வைத்துக்கொண்டு மணிக்கணக்காக நிற்கிறேன். பேசாமல் நின்றால் என்னென்னவோ கேட்கிறது, மணி. இருபத்தாறு வருஷம் நீ இப்படித்தான் நின்றாயா?

தேவேந்திரன்

*

எலஞ்சிமலை
18.1.2026

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே பையில் துணியை எடுத்து வைத்தேன். பிறகு தேதியைப் பார்த்தேன். செப்டம்பர் பத்து. என் கைக்கு வந்தது நவம்பர் எட்டு. குணமாகி விட்டவரைப் பார்க்க என்ன அவசரம் என்று துணியைத் திரும்பக் கொடியில் போட்டேன். அதற்குப் பிறகு எழுதக் கை வரவில்லை. அதனால்தான் இவ்வளவு தாமதம்.

கோபம் இல்லை. பாதையில் உங்களைத் திட்டித் தீர்த்துவிட்டேன். இரண்டு கிலோமீட்டர் போதவில்லை. பள்ளியைச் சுற்றி இன்னொரு தரம் நடந்தேன்.

பொங்கலுக்குப் பிள்ளைகளோடு பொங்கல் வைத்தோம். நன்றாக இருந்தது.

ஒரு விஷயம். மாற்றல் விண்ணப்பம் மார்ச் இருபதாம் தேதிக்குள் போகவேண்டும். செஞ்சிப் பக்கம் ஓர் இடம் காலியாகிறது என்று கேள்வி. கேட்டால் கிடைக்கும். கேட்காவிட்டால் இன்னும் மூன்று வருஷம் இங்கேதான். பெயர், பிறந்த தேதி எல்லாம் நிரப்பிவிட்டேன். 'விரும்பும் இடம்' என்ற கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது.

விரல் மரப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

மணிமொழி

*

செஞ்சி
12.2.2026

அன்புள்ள மணிமொழிக்கு,

அந்தக் கட்டத்தைப் பற்றி நாலு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். நாலிலும் ஜோக் வந்துவிட்டது. அதனால் நேரில் வருகிறேன். மார்ச் முதல் வாரம். கரடியிடம் முன்கூட்டியே சொல்லி வை: வருகிறவருக்கு முழங்கால் சரியில்லை, ஓட முடியாது, சதைப்பற்று மட்டும் உண்டு.

உன் நீல ஸ்வெட்டர் இங்கே தங்கிவிட்டது. எடுத்து வருகிறேன்.

தேவேந்திரன்

*

செஞ்சி
9.3.2026
(விரைவுத் தபால்)

அன்புள்ள மணிமொழிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீ கொடுத்த கடுக்காய்ப் பொடி இருமலுக்குக் கேட்டிருக்கிறது. ஜெயசுதா, "இன்னாண்ணா, அக்கா வருதா வர்லியா?" என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நிற்கிறாள். உன்னிடம் சொல்லாததை அவளிடம் எப்படிச் சொல்வது? மூன்று நாள் உன்னோடு இருந்தேன். சொல்வதற்கென்றே இருநூற்றைம்பது கிலோமீட்டர் வந்தேன். சொல்லாமலேயே ஜீப் ஏறிவிட்டேன். ஏன் என்று எழுதுகிறேன்.

முதல் நாள் காலை உன்னோடு அந்தப் பாதையில் நடந்தேன் அல்லவா? பயத்தில் நான் வாயை மூடவே இல்லை. தங்கராஜின் ஆட்டோ கதை, மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில் ஒருத்தர் என்னை வேறு யாரோ என்று நினைத்துக் கட்டிப்பிடித்து அழுத கதை, எல்லாம் சொல்லித் தீர்த்தேன். நீ ஒரு வார்த்தை பேசவில்லை. பள்ளி வாசலில் மட்டும், "பாத்துத் திரும்பிப் போங்க" என்றாய். எட்டு மாதமாகத் தினம் பேசிக்கொண்டு போகிற பாதையில், நான் வந்ததும் உன் பேச்சு நின்றுவிட்டது.

இரண்டாம் நாள் நான் தூங்குவதாக நினைத்து நீ கிளம்பிவிட்டாய். மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டாய். எடுத்துக்கொண்டு பின்னால் வந்தேன். இரண்டாவது திருப்பத்தில், அந்த மூங்கில் புதருக்கு அந்தப் பக்கம் உன் குரல் கேட்டது. கூப்பிட வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

"இந்தப் பக்கம் வாங்க, அங்க ஈரமா இருக்குது. சொன்னா கேக்குறதே இல்ல. நேத்து முச்சூடும் பேசினீங்களே, ஒரு வார்த்தை பேசினீங்களா? கட்டம் காலியா இருக்குதுன்னு எழுதினேனே. வந்துடு மணின்னு சொன்னா இன்னா கொறஞ்சிடும்? இங்கயே இருன்னாவது சொல்லுங்க. ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. அன்னிக்கி பஸ்ஸு தாலுகா ஆபீஸ் திரும்புற வரைக்கும் ஜன்னலாண்ட தலைய நீட்டிட்டே போனேன். கண்டக்டர்கூட திட்னான்."

அதற்கு மேலும் பேசினாய். அதை நான் எழுதமாட்டேன். என்ன பேசினாய் என்று கேட்கக்கூடாது என்பது உன் உத்தரவு.

இருபது அடி பின்னால், தேனடைக்குக் கீழே நிற்கிற மாதிரி நின்றேன். கையை ஆட்டவில்லை. சத்தம் போடவில்லை. நான் கேட்டுவிட்டேன் என்று தெரிந்தால் நீ மறுபடி வாய்ப்பாட்டுக்கே போய்விடுவாய். கண்ணாடியை விடுதிப் பெண்ணிடம் கொடுத்தனுப்பியது அதனால்தான். அன்று மாலை நீ என்னைப் பார்த்த பார்வையில், அந்தப் பெண் எதையும் உளறவில்லை என்று தெரிந்தது.

இப்போது என் முறை.

முழங்கால் வலி பொய். அன்றைக்கு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். அமாவாசை. மேல்மலையனூர் ஸ்பெஷல் ஒன்றின் பின்னால் ஒளிந்து நின்றேன். அது கிளம்பியதும் அடுத்த ஸ்பெஷலுக்குப் பின்னால் ஓடினேன். மூன்று பஸ் மாறினேன். நீ ஜன்னலில் தலையை நீட்டியதைப் பார்த்தேன். கையை ஆட்டியிருக்கலாம். அன்றைக்குத்தான் ஆட்டியிருக்க வேண்டும். அழுதுவிடுவேன் என்று பயம். கரடி ஜோக் சொன்னவன் பஸ் ஸ்டாண்டில் அழுதால் ஊர் என்ன சொல்லும் என்று பயம். எனக்கு இருக்கும் பயத்தில் கரடி மூன்றாவது இடம்தான்.

அந்தப் பதினொரு பிள்ளைகளும் உன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். அவர்களை விட்டு வர மனசில்லை என்றால் கட்டத்தைக் காலியாகவே விடு. மாதம் ஒருமுறை நான் ஏறி வருகிறேன். அதில் வருத்தம் இல்லை. ஆனால் நான் என்ன விரும்புகிறேன் என்று கேட்டாய். இரண்டாவது காபியைக் குடித்துக் குடித்து எனக்கு நெஞ்சு கரிக்கிறது.

வந்துடு மணி.

இதில் ஜோக் இல்லை. இரண்டு தரம் படித்துப் பார்த்துவிட்டேன்.

இருபதாம் தேதிக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. விரைவுத் தபாலை மாதன் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நட.

உன்,
தேவேந்திரன்

பி.கு: ஜீப்புக்குக் காத்திருந்தபோது, "அவ தனியா நடக்குறா, கரடி விஷயத்துல கொஞ்சம் பாத்துக்கப்பா" என்று மாதனிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "கரடி எல்லாம் அந்தாண்ட மலையில சார். சத்தமா பேசிக்கிட்டு நடக்கச் சொன்னதும் அங்க போனாத்தான். இந்தத் தடத்துல ஒன்பது வருஷமா ஒண்ணுகூட கிடையாது. டீச்சரம்மா வந்த முதல் வாரமே சொல்லிட்டனே" என்றார்.